விளக்கு எரிந்த அலமாரி

பேரிகை என்றால் முரசு. அந்தப் பெயர் கொண்ட ஊர் ஒன்று கிருஷ்ணகிரி ஜில்லாவில், கர்நாடக எல்லையை உரசிக்கொண்டு இருக்கிறது என்பதை நேயர்களில் சிலர் அறிந்திருக்கலாம். ஓசூரிலிருந்து பாகலூர் வழியாகப் போனால் முட்டைக்கோஸும் தக்காளியும் ரோஜாவும் மாறி மாறிக் கண்ணில் படும். ஊருக்குள் நுழைந்தால் ஒரு வீட்டுத் திண்ணையில் தமிழ், அடுத்த திண்ணையில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம். மூன்றும் ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வருவதும் உண்டு. இத்தனை சாதுவான ஊருக்கு முரசின் பெயர் எப்படி வந்ததோ என்று நாம் வியந்ததுண்டு. சென்ற மாதம் அங்கே போனபோது அந்த வியப்பு தீர்ந்தது. ஒரு வீட்டிலாவது முரசு கொட்டத்தான் செய்தார்கள். அது நம் மைத்துனர் வீடு.

மைத்துனர் ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் 31 வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் மகனும் கைகொடுக்க, பழைய ஓட்டு வீட்டைப் புதுப்பித்து மாடி கட்டி, வீடு நிறையச் சாமான்கள் வாங்கிப் போட்டிருக்கிறார். புதுச் சாமான் வாங்கியவனுக்கு அதைப் பார்க்க ஒரு விருந்தாளி வேண்டும். பார்க்க ஆளில்லாத புதுச் சாமான் கேட்க ஆளில்லாத கச்சேரிபோல. நாம் கைகால் கழுவுவதற்கு முன்பே, "வாங்க மச்சான், முதலில் சமையலறையைப் பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டார்.

அடுப்பின்மேல் புதுக் குக்கர் சீறிக்கொண்டிருந்தது. குக்கரில் என்ன அதிசயம் என்று பட்டணத்து வாசகர்கள் கேட்கலாம். கடற்கரையில் இருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியாது. பேரிகைப் பிரதேசம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதிப்பதைப் பார்த்துத் துவரம் பருப்பு வெந்துவிட்டது என்று நம்பினால் சாம்பார் நம்மைக் கைவிட்டுவிடும். ஆவியை உள்ளே அடைத்து அழுத்தம் ஏற்றினால்தான் உஷ்ணம் 120 டிகிரியை நெருங்கும்; பருப்பும் தன் பிடிவாதத்தை விடும். இத்தகைய குக்கர்கள் ஓசூரிலேயே தயாராகின்றன. பிரெஸ்டீஜ் என்ற பெயர் கேளாத வீடு இல்லை. அந்த டி.டி.கே. ஸ்தாபனத்தை 1928இல் தொடங்கிய டி. டி. கிருஷ்ணமாச்சாரியார்தான் பிற்பாடு மத்திய நிதி மந்திரியாகி, 1957இல் செலவு வரி என்று ஒன்றைப் போட்டார். சாமான் விற்கும் ஸ்தாபனத்தைத் தொடங்கியவர் செலவுக்கு வரி போடத் துணிந்தது விசித்திரந்தான்!

பக்கத்தில் பாத்திரம் தேய்க்கும் யந்திரம். 2025 செப்டம்பர் 22ந் தேதி வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்த பிறகு வாங்கியதாம். அதற்கு முன் நான்கு மாதம் அதன் படத்தைப் பார்த்தே திருப்தி அடைந்திருந்தார்கள். மூலையில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் யந்திரம் ஒன்று. இந்த ஜில்லாவில் அது டம்பமல்ல. ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு மிகுந்து பற்களையும் எலும்புகளையும் பாழாக்கிய ஊர்கள் பல. அதற்காகவே கிருஷ்ணகிரி, தர்மபுரி ஜில்லாக்களுக்கென்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஏற்பட்டு 2013இல் தொடங்கிற்று. ராகிக் களி கிண்டுவதற்கு மட்டும் இந்த வீட்டில் இன்னும் மரத் துடுப்புத்தான். மைத்துனரின் சம்சாரம் அதை யந்திரங்களுக்கு நடுவில் ஒரு கௌரவமான ஆணியில் மாட்டியிருந்தார். அவர் மணிக்கட்டில் புதுக் கடிகாரம். "டைட்டன்தானே அம்மா?" என்றோம். "வேறெது அண்ணா? நம்ம ஓசூர்ச் சாமான்" என்றார். டாட்டாக்களும் தமிழ்நாட்டு ஸர்க்காரின் ஸ்தாபனமாகிய டிட்கோவும் கூட்டுச் சேர்ந்து 1984இல் ஆரம்பித்த தொழில் அது. டாட்டாவின் எழுத்துக்களும் தமிழ்நாட்டின் எழுத்துக்களும் சேர்ந்துதான் அந்தப் பெயரே உண்டாயிற்று என்று சொல்வார்கள்.

அடுத்தது மோட்டார் கொட்டகை. முன்பு மாட்டுக் கொட்டகையாக இருந்த இடம். சுவரில் மாட்டைக் கட்டிய இரும்பு வளையம் இன்னும் இருக்கிறது. அந்த வளையத்துக்குச் சற்று மேலே ஒரு மின்சாரச் செருகி. அதிலிருந்து ஒரு கம்பி, வெள்ளை நிறத்து மின்சார ஸ்கூட்டரின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. மாடு நின்ற இடத்தில் மாடு தீனி தின்பதுபோலவே அது மின்சாரம் தின்றுகொண்டிருந்தது. ஓர் இரவில் மூன்று நான்கு யூனிட்டு தின்றால் மறுநாள் ஓசூர் போய்த் திரும்பிப் பிறகும் மிச்சமிருக்கிறதாம். பெட்ரோல் விலையைப் பற்றி மைத்துனர் இப்போது பிறர் வீட்டுச் சண்டையைப்போல் நிம்மதியாகப் பேசுகிறார்.

ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் கோணி போர்த்திய ஒரு பழைய மொபெட் நின்றது. கோணியை அவரே எடுத்துக் காட்டினார். டி.வி.எஸ். 50. இருவர் உட்காரக்கூடிய மொபெட் என்று 1980இல் ஓசூரில் பிறந்த வண்டி. அதில் இருவர் உட்கார்ந்ததை நாம் பார்த்ததில்லை. ஒரு தகப்பனார், ஒரு தாயார், இரண்டு குழந்தைகள், ஒரு முட்டைக்கோஸ் மூட்டை என்றுதான் பார்த்திருக்கிறோம். அதே வருஷத்தில்தான் அசோக் லேலண்டும் ஓசூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. இன்று ஏதர் என்னும் ஸ்தாபனமும் அங்கே மின்சார ஸ்கூட்டர் செய்கிறது. போச்சம்பள்ளிப் பக்கம் ஓலாவின் பெரிய தொழிற்சாலை இருக்கிறது.

நம் முன்னோர்கள் சுதேசி விரதம் காத்த காலத்தில் சுதேசிச் சாமான் என்றால் நுரைக்காத சோப்பும் பற்றாத தீக்குச்சியுமாக இருந்தது. தேசபக்தியையும் சேர்த்துத் தேய்த்தால்தான் நுரை வரும். இன்று ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு நல்ல சாமானாகப் பொறுக்கினாலும் அதில் பாதி ஓசூரில் செய்ததாக இருக்கிறது. இதை நாம் சற்று உரத்த குரலில் சொல்லி மகிழ்ந்தோம். மைத்துனர் தொழிலாளி அல்லவா? மெல்லச் சிரித்துவிட்டு, "வண்டி நம்மது மச்சான். உள்ளே இருக்கிற பாட்டரியின் செல் பெரும்பாலும் கடல் கடந்துதான் வருது" என்றார். நம் முரசில் ஒரு பக்கத் தோல் கொஞ்சம் தளர்ந்தது. ஆனாலும் உண்மையைச் சொன்னாரே என்று சந்தோஷப்பட்டோம்.

இத்தனையும் பார்த்து முடித்துக் கூடத்துக்கு வந்தபோதுதான் மூன்றாவது ஐட்டம் நம் கண்ணில் பட்டது. அதைக் காட்ட மைத்துனர் நம்மை இழுக்கவில்லை. தாமே சற்றுப் பின்தங்கி நின்றுகொண்டார்.

கூடத்துச் சுவரில் பதித்த ஓர் அலமாரி. கண்ணாடிக் கதவு. உள்ளே நீலமும் மஞ்சளுமாக ஒளி வீசும் சிறு விளக்குகள். அந்த வெளிச்சத்தில் தலைகீழாகத் தொங்கும் ஆறு கண்ணாடிக் கிண்ணங்கள், நாலைந்து புட்டிகள். வீட்டைப் புதுப்பித்தபோது மகன் சொல்லிச் செய்ததாம். நடுநாயகமாக இருந்த புட்டியில் அம்ருத் என்று எழுதியிருந்தது. பெங்களூரில் 1948இல் தொடங்கிய கம்பெனி. தங்கள் விஸ்கியை 2004இல் ஸ்காத்லாந்துக்கே கொண்டுபோய், கிளாஸ்கோ நகரத்தில் விற்றுக் காட்டியவர்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பது இதுதான். ஸ்காத்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு ஆவியாகிறதென்றால், பெங்களூர் வெயிலில் பத்துப் பங்குக்குமேல் போய்விடுகிறது. அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள் அத்தொழிலில் உள்ளவர்கள். நம் தேவர்கள் அந்நாட்டுத் தேவர்களைவிட ஐந்து மடங்கு குடிப்பதாக ஆகிறது!

சுதேசிதான், திறமைதான், பெயரும் அமிருதந்தான். ஆயினும் சற்று முன் ஸ்கூட்டரைப் பார்த்துக் கொட்டிய முரசு இங்கே கொட்டவில்லை. காரணம் அந்த மண்ணிலேயே இருக்கிறது.

பேரிகையிலிருந்து ஓசூர்ப் பக்கம் போனால் தொரப்பள்ளி அக்ரஹாரம். 1878இல் ராஜாஜி பிறந்த கிராமம். அவர் பிறந்த இல்லம் இன்று நினைவில்லமாக இருக்கிறது. 1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். மூன்று மாதங்கூட ஆகவில்லை. அக்டோபர் 1ந் தேதி மதுவிலக்குச் சட்டத்தைக் கொண்டுவந்து, முதன்முதலாக ஒரே ஒரு ஜில்லாவில் அமல் நடத்தினார். அது அவருடைய சொந்த ஜில்லாவாகிய சேலம். அன்று கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேலம் ஜில்லாவில் அடங்கியவை. ஆகவே மாகாணத்தில் முதலில் கள்ளுக்கடை மூடிய ஊர்களில் பேரிகையும் ஒன்று. சற்றுத் தூரம் நடந்தால் மைசூர் சமஸ்தானம். அங்கே விலக்கு இல்லை. சட்டத்துக்கு இதைவிடக் கடினமான பரீட்சை மண்டபம் கிடைத்திருக்காது.

நம் மாமியாருக்கு இப்போது வயது 91. அந்த அக்டோபரில் அவர் மூன்று வயதுக் குழந்தை. ஆதலால் அவர் சொன்னதெல்லாம் தம் தாயார் சொல்லக் கேட்டது. பாத்திரம் தேய்க்கும் யந்திரத்துக்கு எதிரே மணையில் உட்கார்ந்து, ஒரு பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே சொன்னார். அந்தக் குடத்தை யந்திரத்துக்குள் வைக்க அவர் யாரையும் விடுவதில்லை.

"இது எங்க அம்மா வாங்கினது மாப்பிள்ளை. கடை மூடின மறு வருஷம். அதுக்கு முந்தி எங்க வீட்டிலே மண் பானைதான். அப்பா கூலி வாங்கினால் கடையைத் தாண்டித்தானே வீட்டுக்கு வரணும்? கடை மூடினப்புறம் கூலி முழுசா வந்தது. அம்மா முடிஞ்சு முடிஞ்சு வைச்சு, சந்தையிலே இதை வாங்கினாள். தலையிலே வைச்சுக்கிட்டு ஊரைச் சுத்தி வந்தாளாம்!"

"எல்லை தாண்டிப் போய்க் குடிக்கவில்லையா, அத்தை?" என்று கேட்டோம்.

"போகாமே என்ன? மூணு மாசம் போனாராம். போகிறபோது நல்லாத்தான் போவாராம். திரும்பறபோதுதான் வழி நீளம். கால் வலிச்சு விட்டுட்டார்."

சட்டம் ஒரு மனிதனை ஒரே நாளில் திருத்துவதில்லை, கடையைத் தூரமாக்குகிறது. அந்தத் தூரத்தில் ஒரு பித்தளைக் குடம் நுழைந்துவிடுகிறது. சென்னைச் சர்வகலாசாலையின் பொருளாதாரத் துறையார் அக்காலத்தில் சேலம் ஜில்லாவில் விசாரித்தபோதும், சாப்பாட்டுக்கும் துணிமணிக்கும் குடும்பங்கள் அதிகம் செலவிடுவதாகவே கண்டார்கள்.

குடத்தின் கதை அத்தோடு முடியவில்லை. யுத்த காலத்தில், காங்கிரஸ் மந்திரிகள் விலகிய பிற்பாடு, மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. கடை திறந்தது. குடம் அடகுக்குப் போயிற்று. 1948 அக்டோபர் 2ந் தேதி மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்த பிறகு குடமும் திரும்பி வந்தது. அடகுக்காரர் அதன் கழுத்தில் கீறிய அடையாளம் இன்னும் இருக்கிறது; மாமியார் அதன்மேல் நம் விரலை வைத்துத் தடவச் சொன்னார்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். கள்ளுக்கடையை மூடினால் ஸர்க்காருக்கு வருமானம் போகிறது. அதை ஈடுசெய்ய ராஜாஜி என்ன செய்தார்? 1939இல் பொது விற்பனை வரி என்ற ஒன்றைக் கொண்டுவந்தார். இந்தியாவிலேயே அத்தகைய வரி அதுதான் முதல். வியாபாரிகள் கொதித்தார்கள். ஆனால் அதன் பின்னே ஒரு நியாயம் இருந்தது. குடிக்காமல் மிச்சம் பிடித்த பணத்தில் ஜனங்கள் குடம் வாங்குவார்கள், துணி வாங்குவார்கள். அந்தக் குடத்தின்மேலும் துணியின்மேலும் ஸர்க்காருக்குச் சிறு பங்கு கிடைத்தால் போதும். குடியின் வரிக்குப் பதிலாகக் குடத்தின் வரி.

பிறகு நடந்ததை நேயர்கள் அறிவார்கள். 1971இல் மதுவிலக்கு ஒத்தி வைக்கப்பட்டது. 92 பிராயத்தில் இருந்த ராஜாஜி முதல் மந்திரி கருணாநிதியின் இல்லத்துக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் என்று சொல்வார்கள். மறு வருஷம் டிசம்பரில் அவர் காலமானார். அதன்பின் கடைகள் மூடுவதும் திறப்பதுமாக இருந்து, 1983இல் டாஸ்மாக் பிறந்து, 2003 முதல் ஸர்க்காரே சில்லறைக் கடை நடத்துகிறது. 2024-25இல் மதுவினால் வந்த வருமானம் 48,000 கோடி ரூபாய்க்கு மேல். விற்பனை வரியாவது திரும்பிப் போயிற்றா என்றால் அதுவும் இல்லை. அது வளர்ந்து பெயர் மாறி, 2017 ஜூலை முதல் சரக்கு சேவை வரியாகக் குக்கரிலும் கடிகாரத்திலும் ஸ்கூட்டரிலும் உட்கார்ந்திருக்கிறது. மது மட்டும் அதில் சேராது. அதற்குத் தனி வரி. ஒன்றுக்கு மாற்றாக வந்த வரியும் நின்றது. போன ஒன்றும் திரும்பி வந்தது. பதிலுக்குப் பதிலாக வாங்கிய சாமானை வைத்துக்கொண்டு பழைய சாமானையும் கேட்கும் வியாபாரியை நாம் சந்தையில் என்ன சொல்லுவோம்?

நிற்க. சாயங்காலம் மைத்துனரின் மகன் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்தான். நல்ல பிள்ளை, பாட்டியின் காலைத் தொட்டுவிட்டுத்தான் உட்காருவான். நாம் அலமாரியைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவனே பேச்சைத் தொடங்கினான்.

"மாமா, நான் மாசத்தில் இரண்டு தரம் சிநேகிதர்களோடு கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன். சம்பளம் முழுசா வீட்டுக்கு வருது. ஸ்கூட்டர் வாங்கித் தந்தேன், வீடு கட்டினேன். தெருவில் விழுந்து கிடக்கிறேனா? மூடினால் மட்டும் என்ன ஆகும்? 2008இல் என்ன ஆச்சு என்று அப்பாவையே கேளுங்க."

அவன் சொன்னது பொய்யல்ல. கர்நாடகம் 2007 ஜூலையில் சாராயத்தைத் தடை செய்தது. 2008 மே மாதம் கோலார், பெங்களூர்ப் பக்கங்களிலும், எல்லைக்கு இப்பால் கிருஷ்ணகிரி ஜில்லாவிலும் விஷச் சாராயம் குடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். குடிக்கும் சாராயம் எத்தில், கலந்திருந்தது மெத்தில். முதலில் கண் போகும், பிறகு உயிர் போகும். மைத்துனர் தலை குனிந்து, தம்மோடு வேலை செய்தவர் ஒருவரின் தம்பியை அப்படி இழந்ததாகச் சொன்னார். மூடியதால் செத்தார்களா, மூடியும் குடித்ததால் செத்தார்களா என்று அன்றிரவு வெகுநேரம் பேசினோம். அவன் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நம்மால் சொல்ல முடியவில்லை. ஆனால் சம்பளம் முழுசாக வரும் வீட்டின் வாதத்தைக் கொண்டு, சம்பளம் பாதியாக வரும் வீட்டின் வழக்கைத் தீர்க்கக்கூடாது என்று மட்டும் சொன்னோம். அவனும் மறுக்கவில்லை. எல்லைக்கு அப்பால் வாங்கிய புட்டியை அனுமதியின்றி இப்பால் கொண்டுவருவது குற்றம் என்பதையும் மெதுவாக ஞாபகப்படுத்தினோம். அதற்கு அவன் கண்ணாடிக் கிண்ணங்களின் அழகைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான்.

வாதத்தை முடித்து வைத்தது நாமல்ல. அவனுடைய நாலு வயதுக் குழந்தை. விளக்கு வைக்கும் வேளைக்குப் பாட்டி பூஜை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே கும்பிட்டுவிட்டு ஓடி வந்த பையன் கூடத்து அலமாரிக்கு முன்னாலும் நின்றான். கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு, நடுவில் ஒன்றும் இரு பக்கமும் சிலவுமாக வரிசை. குழந்தை என்ன கண்டான்? இரண்டு கையையும் குவித்துக் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் வைக்க விபூதி எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

நாம் சிரித்துவிட்டோம், சிரித்திருக்கக் கூடாது. ஏனென்றால் மைத்துனரின் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவர் சாப்பாட்டு வேளைவரை வெளியே வரவில்லை. அவர் சிரிக்கவில்லை என்பது நமக்குப் பிறகுதான் தெரிந்தது. அலமாரி கட்டிய நாளிலிருந்து அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். வீட்டில் வாங்கிய ஒவ்வொரு சாமானுக்கும் அவரை அபிப்பிராயம் கேட்டவர்கள் அது ஒன்றுக்கு மட்டும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பார்த்தபோது அலமாரியில் விளக்கு எரியவில்லை. புட்டிகள் இல்லை, மாடியில் மகனுடைய அறைக்குப் போய்விட்டனவாம். கிண்ணங்கள் மட்டும் தொங்கின. இது வெற்றி என்று நாம் எழுத முடியாது. புட்டிகள் ஒரு மாடி ஏறியிருக்கின்றன, அவ்வளவே. காலியான தட்டுகளில் என்ன வைப்பது என்று வீட்டில் இரண்டு கட்சி. மைத்துனர் தம்முடைய தொழிற்சாலைக் கேடயங்களை வைக்க வேண்டும் என்கிறார். அவர் சம்சாரம் அந்தக் குடத்தை வைக்கலாமே என்றார். அதற்கு மாமியார், "தண்ணி மொண்டு வைக்கிற குடத்தைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள் பூட்டுவாங்களா?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

புறப்படும்போது நம் அகத்துக்காரி சமையலறைக் குக்கரைத் திரும்பித் திரும்பிப் பார்த்ததன் அர்த்தம் ஓசூர் கடைவீதி வந்ததும் விளங்கிற்று. நாமும் ஒன்று வாங்கினோம். கடைக்காரர் கொடுத்த ரசீதில் மத்திய வரி இரண்டரை சதவிகிதம், மாநில வரி இரண்டரை சதவிகிதம் என்று தனித்தனியாக அச்சிட்டிருந்தது. 1939இன் பேரப்பிள்ளையை அடையாளம் கண்டுகொண்டு, ரசீதை மடித்துக் குக்கருக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம்.